தோழரின் கவலையைச் சுமக்கும் பிள்ளைகள்: பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை

நோணாங்குப்பம், அரியாங்குப்பம், வீராம்பட்டினம், தவளக்குப்பம் ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் முறையீடுகளுள் ஒன்று வயிற்றுவலி. அவர்களுள் பலருக்குச் சிறுநீர், இரத்தம், ஸ்கேன் என எல்லாப் பரிசோதனைகளும் இயல்பாகவே அமைகின்றன. வலி மட்டும் திங்கட்கிழமை காலையில் தவறாமல் வந்துவிடுகிறது. அத்தகைய பிள்ளைகளிடம் தேர்வைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் விசாரிப்பது எங்கள் வழக்கம். அண்மைக் காலமாக மற்றொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்: “உன் நண்பர்களில் யாருக்காவது கவலை இருக்கிறதா? அதை உன்னிடம் சொல்லியிருக்கிறார்களா?” இக்கேள்வி ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெட்டியும் ஒரு சீட்டும்

பல சந்திப்புகளில் நாங்கள் கேட்டவற்றை ஒன்றாக்கி, அடையாளங்களை மாற்றி, ஒரு சிறுமியின் கதையாக இங்கே தருகிறோம். அவளுக்கு வயது 12. வகுப்பில் எல்லோருக்கும் வேண்டியவள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் அருகே போய் உட்காரும் இயல்பு உடையவள். ஒரு நாள் காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில் துளையிட்டு, வண்ணத்தாள் ஒட்டி, “கவலைப் பெட்டி” என்று எழுதிப் பள்ளிக்குக் கொண்டு சென்றாள். பெயர் எழுதாமல் கவலையை எழுதிப் போடலாம் என்பது ஏற்பாடு. மாலையில் அவளும் அவள் தோழியும் சீட்டுகளைப் படித்து, ஆறுதலான பதில்களைச் சிறு அட்டைகளில் எழுதி மறுநாள் பெட்டியின் மேல் வைப்பார்கள். கணக்குப் பாடம் புரியவில்லை, பேருந்தில் கேலி செய்கிறார்கள், அப்பா தினமும் குடித்துவிட்டு வருகிறார் என்றெல்லாம் சீட்டுகள் வந்தன. அட்டைகளை விற்று, வரும் பணத்தில் பெரிய பெட்டி வாங்க வேண்டும் என்ற திட்டமும் அவளிடம் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு சீட்டு வந்தது. அதை எழுதிய பிள்ளை, தான் உயிரோடு இருக்க விரும்பவில்லை என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று பெட்டியின் மேல் இவளே எழுதி ஒட்டியிருந்தாள். அன்றிரவு முதல் அவளுக்கு உறக்கம் இல்லை. ஒரு வாரத்துக்குப் பின் வயிற்றுவலி என்று அவளுடைய தாய் எங்களிடம் அழைத்து வந்தார்.

அவள் செய்ததில் தீமை ஏதும் இல்லை. நல்ல உள்ளத்தோடு தொடங்கிய செயலுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு மட்டும் இல்லாமற் போயிற்று. அது என்ன என்பதை அறிவதற்கு முன், கவலை உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

கவலை உடலில் செய்வது என்ன?

ஆபத்து என்று மூளை கருதும்போது உடல் தன்னைத் தற்காப்புக்கு ஆயத்தமாக்கிக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் மிகுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகள் வழியாக இடையறாத செய்திப் போக்குவரத்து உண்டு. ஆகவே மனம் கலங்கும்போது குடலின் இயக்கமும் மாறுகிறது. வலியை உணரும் தன்மையும் கூர்மையாகிறது. அந்த வயிற்றுவலி மெய்யான வலி. “நடிக்கிறாய்” என்று சொல்லும் பெற்றோரிடம் பிள்ளை அடுத்த முறை எதையும் சொல்வதில்லை.

அதே வேளையில், எல்லா வயிற்றுவலியையும் கவலையின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறாகும். உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொடர் வாந்தி, மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடை குறைதல், வயிற்றின் வலப்பக்கம் கீழே நிலைத்து நிற்கும் வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கவலை எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு உண்டு. 2015-16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் ஏறத்தாழ மூவர் என்று இதைக் கொள்ளலாம். 2022இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நாடெங்கும் 3.79 இலட்சம் மாணவரிடம் கருத்துக் கேட்டது. படிப்பும் தேர்வும் தேர்வு முடிவுகளுமே பதற்றத்துக்கு முதன்மைக் காரணங்கள் என்று மாணவர்கள் சொன்னார்கள். புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் அண்மையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருப்பதால், புதிய பாடநூல்களையும் புதிய தேர்வு முறையையும் பற்றிய அச்சத்தை எங்கள் பிரிவிலும் அடிக்கடி கேட்கிறோம்.

பிள்ளை முதலில் யாரிடம் சொல்கிறது?

பத்து வயதைக் கடந்த பிள்ளை தன் மனத்தைப் பெரும்பாலும் தன் வயதொத்த பிள்ளையிடமே முதலில் திறக்கிறது. காரணம் கேட்டால், “அம்மாவிடம் சொன்னால் அழுவார்கள்”, “அப்பாவிடம் சொன்னால் பள்ளிக்கே வந்து சண்டை போடுவார்”, “டீச்சரிடம் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்” என்கிறார்கள். தோழனிடம் சொன்னால் இவை எதுவும் நிகழா. தோழன் அறிவுரை கூறுவதில்லை, ஒப்பிடுவதில்லை, இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். இது மருத்துவத்துக்கு நிகரான ஓர் ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கேட்கும் பிள்ளையும் பிள்ளைதான். கேட்டதை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியாது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் கூட, தாம் கேட்ட துயரங்களைத் தம் மூத்தவரோடு பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அத்தகைய ஏற்பாடு ஏதும் இல்லை.

தோழருக்காக முயன்ற சிறார்கள்

பள்ளித் தோழரின் துயர் துடைக்கத் தாமே ஒரு முயற்சியைத் தொடங்கி, அதை நிலைநிறுத்திய சிறார்கள் உண்டு. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஹரியானாவின் குருகிராமைச் சேர்ந்த அனுஷ்கா ஜாலி, தன்னைவிடச் சிறிய ஒரு சிறுமி பிறரின் கேலிக்கு ஆளானதைக் கண்டு மனம் வருந்தினார். 2018இல், இன்னும் தொடக்கப்பள்ளி வயதிலேயே, சீண்டலுக்கு எதிரான ஒரு குழுவைத் தொடங்கிப் பள்ளிதோறும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தினார். பின்னர் “கவச்” என்னும் செயலியை முன்வைத்தார். கவச் என்றால் கவசம். சீண்டலுக்கு ஆளான மாணவரோ, அதைக் கண்டவரோ, பெற்றோரோ தம் பெயரை வெளியிடாமல் அதில் முறையிடலாம். முறையீடு பள்ளி நிர்வாகத்துக்கும் ஆலோசகருக்கும் சென்று சேரும். நடவடிக்கை எடுப்பது அவர்கள் பொறுப்பு. எட்டாம் வகுப்பு மாணவியாக இருந்தபோது, ‘ஷார்க் டேங்க் இந்தியா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் இத்திட்டத்தை விளக்கி, இரு முதலீட்டாளர்களிடமிருந்து 50 இலட்சம் ரூபாய் முதலீட்டுக்கு ஒப்புதல் பெற்றார். 2023ஆம் ஆண்டுக்கான பிரதமரின் தேசியச் சிறார் விருதும் சமூக சேவைப் பிரிவில் அவருக்கு வழங்கப்பட்டது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நாட்டலி ஹாம்டன் முன்பு படித்த பள்ளியில் ஒவ்வொரு நாளும் தனியே உட்கார்ந்து உண்டவர். 2016இல், தம் 16ஆம் வயதில், “எங்களோடு உட்கார்” என்னும் பொருள்படும் பெயரில் ஒரு செயலியை வெளியிட்டார். எந்த மேசையில் யார் வந்தாலும் வரவேற்கப்படுவார் என்பதை அதன் வழியே அறியலாம். அங்குமிங்கும் இடம் கேட்டு மறுக்கப்படும் அவமானம் இல்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் நகரில் கிறிஸ்டியன் பக்ஸ் என்னும் தொடக்கப்பள்ளிச் சிறுவனின் யோசனைப்படி 2013இல் பள்ளி விளையாட்டிடத்தில் ஒரு “தோழமை இருக்கை” வைக்கப்பட்டது. விளையாட ஆள் இல்லாத பிள்ளை அதில் உட்கார்ந்தால், மற்றப் பிள்ளைகள் வந்து அழைத்துச் செல்வார்கள். பின்னர் பல நாடுகளின் பள்ளிகளில் அத்தகைய இருக்கைகள் இடம்பெற்றன.

பீகாரிலிருந்து வந்த சான்று மேலும் முக்கியமானது. நாலந்தா மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் நடைபெற்று, 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், பள்ளிகள் மூன்று பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர் ஒருவர் பள்ளிதோறும் பணியாற்றினார். அவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்லர். மற்றொரு பிரிவில் அதே பணி ஓர் ஆசிரியரிடம் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவில் வழக்கமான வகுப்புகள் மட்டுமே நடந்தன. மாணவர்கள் பெயரின்றித் தம் குறைகளை எழுதிப் போடும் பெட்டி ஒன்றும் அத்திட்டத்தில் இருந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. சீண்டலும் வன்முறையும் மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அத்தகைய பயன் தெரியவில்லை. கேட்பதற்கென்றே நேரமும் பொறுப்பும் உள்ள ஒருவர் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

நம் சிறுமியின் பெட்டியும் பீகாரின் பெட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். ஒன்றைத் திறந்தது ஒரு பிள்ளை. மற்றதன் பின்னே பொறுப்பேற்ற பெரியவர் இருந்தார். அனுஷ்காவின் செயலியிலும் முறையீடு பெரியவர்களையே சென்றடைகிறது. நாட்டலியின் மேசையும் கிறிஸ்டியனின் இருக்கையும் தனிமையைப் போக்கத் துணை தருகின்றன. அங்கே யாரும் எவருடைய இரகசியத்தையும் சுமப்பதில்லை. பிள்ளைகள் பாதை அமைக்கிறார்கள். பாரத்தைப் பெரியவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். இந்த ஒழுங்கு இருக்கும்வரை இத்தகைய முயற்சிகள் நன்மையே தரும்.

சுண்ணாம்பாற்றுப் பாடம்

நோணாங்குப்பம் படகுக் குழாமில் படகேறச் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஒன்றைச் சொல்லித்தர வேண்டும். யாரேனும் நீரில் தத்தளிப்பதைக் கண்டால், மீட்புப் பயிற்சி இல்லாதவர் உடனே குதித்துவிடக் கூடாது. மூழ்குபவர் பற்றிக்கொள்ளும் வேகத்தில் இருவருமே மூழ்கக்கூடும். கரையில் நின்றபடியே கயிற்றையோ கழியையோ நீட்ட வேண்டும். மிதக்கும் பொருளை வீச வேண்டும். உரக்கக் குரல் கொடுத்துப் படகுக்காரரை அழைக்க வேண்டும். நீரில் உயிர் காக்கும் முறைகளில் இதுவே முதற்பாடம்.

மனத்துயரில் தத்தளிக்கும் தோழனைக் கண்ட பிள்ளைக்கும் நாம் இதையே கற்பிக்கலாம். அதை மூன்று படிகளாகச் சொல்கிறோம்.

முதற்படி, கேட்பது. “என்ன ஆச்சு? சொல்லணும்னு தோணினா சொல்லு” என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். துருவ வேண்டாம். “இதெல்லாம் ஒரு விஷயமா” என்று சிறுமைப்படுத்த வேண்டாம். தீர்வு சொல்ல வேண்டிய கடமையும் பிள்ளைக்கு இல்லை.

இரண்டாம் படி, கூட இருப்பது. சேர்ந்து உண்பது, சேர்ந்து நடப்பது, விளையாட அழைப்பது. பதற்றம் மிகும்போது இருவரும் சேர்ந்து மெல்ல மூச்சு விடலாம்: நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுவது. வெளிமூச்சு நீளும்போது நெஞ்சுத் துடிப்பு தணிகிறது. பத்து முறை போதும்.

மூன்றாம் படி, பெரியவரிடம் சேர்ப்பது. “நாம ரெண்டு பேரும் போய் டீச்சர்கிட்ட சொல்லலாம், நான் கூட வரேன்” என்பதே பிள்ளை தன் தோழனுக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த உதவி. முதலாமவர் செவிசாய்க்கவில்லை என்றால் இரண்டாமவரிடம், அவரும் கேட்கவில்லை என்றால் மூன்றாமவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் கற்பியுங்கள்.

உடல்நோய்க்கும் இதே முறை பொருந்தும். வகுப்புத் தோழனுக்கு வலிப்பு வந்தால் அவனை ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை அகற்றுவதும், ஒருவர் ஓடிச் சென்று ஆசிரியரை அழைப்பதும் பிள்ளைகளால் இயலும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108 ஆம்புலன்ஸை அழைப்பது பெரியவர் பொறுப்பு.

காக்கக் கூடாத மூன்று இரகசியங்கள்

இரகசியம் காப்பது நட்பின் இலக்கணம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை நல்லதே. எனினும் மூன்று செய்திகளை எந்த வாக்குறுதிக்காகவும் மறைக்கக் கூடாது என்று வீட்டில் தெளிவாகச் சொல்லி வையுங்கள். ஒன்று, தோழன் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறான் அல்லது சாக விரும்புகிறான் என்பது. இரண்டு, யாரோ ஒருவர் அவனை அடிக்கிறார், தகாத முறையில் தொடுகிறார், மிரட்டுகிறார் என்பது. மூன்று, அவன் பிறருக்குத் தீங்கு செய்ய எண்ணுகிறான் என்பது.

சொல்லும் தோழனுக்கு முன்னதாகவே அறிவித்துவிடுவது நேர்மை: “நீ சொல்றதை நான் யார்கிட்டேயும் பரப்ப மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்.” இவ்வாறு சொன்னால் துரோகம் என்ற குற்றவுணர்வு இரு பக்கமும் எழாது.

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு நேர்வதில்லை என்றே மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. “சாகணும்னு தோணுதா?” என்று அமைதியாகவும் நேராகவும் பெரியவர் கேட்கும்போது, பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரம் இறங்கிய உணர்வே வருகிறது. அத்தகைய பிள்ளையைத் தனியே விடக் கூடாது. வீட்டிலுள்ள மாத்திரைகள், இன்சுலின், பூச்சிமருந்து, எலிமருந்து ஆகியவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். நீண்டநாள் நோயாளிகள் உள்ள வீடுகளில் மருந்துகள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால், இவ்விதழின் வாசகர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டுகிறோம்.

உங்கள் பிள்ளை இத்தகைய முயற்சியைத் தொடங்க விரும்பினால்

தடுக்க வேண்டாம். அக்கறையும் முனைப்பும் ஒருங்கே உள்ள பிள்ளை அது. பின்வரும் ஒழுங்குகளை மட்டும் உடனிருந்து அமைத்துக் கொடுங்கள்.

பள்ளியின் ஒப்புதலும், பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரும் முதலில் வேண்டும். கவலைப் பெட்டி வைப்பதானால் சாவி அவரிடமே இருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளி நாளிலும் அவரே திறக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறக்கும் பெட்டி, திங்கட்கிழமை எழுதிய பிள்ளையை வெள்ளிக்கிழமை வரை காக்க வைக்கிறது.

பெயர் எழுதுவது விருப்பம் என்று வைக்கலாம். ஆயினும், “பெயர் எழுதினால் விரைந்து உதவ முடியும், ஆபத்து என்றால் பெரியவர்களுக்குத் தெரிவிப்போம்” என்ற வாசகம் பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும். உதவி எண்களையும் அதனருகே எழுதலாம்.

பிள்ளைகள் செய்யத்தக்க பணிகள் பல: வரவேற்பு மேசை, விளையாட்டுக்கு அழைக்கும் குழு, புதிதாகச் சேர்ந்த மாணவருக்குத் துணை, ஆறுதல் அட்டைகள் வரைதல், சுவரொட்டி தயாரித்தல். பிறரின் துயரக் குறிப்புகளைப் படிப்பதும் அவற்றுக்குப் பதில் எழுதுவதும் பிள்ளைகளின் பணி அன்று.

அட்டை, குறிப்பேடு போன்றவற்றை விற்க விரும்பினால் வரவு செலவைப் பெற்றோரோ ஆசிரியரோ மேற்பார்வையிடட்டும். பொருளுக்கு விலை வைக்கலாம். கேட்பதற்கும் ஆறுதலுக்கும் விலை வைக்கக் கூடாது. எந்தப் பிள்ளையின் துயரமும் விளம்பரத்துக்கோ படத்துக்கோ கதையாகக் கூடாது.

இவற்றோடு உங்கள் பிள்ளையின் உறக்கத்தையும் விளையாட்டையும் கவனியுங்கள். உறக்கம் குறைதல், எரிச்சல், அடிக்கடி தலைவலி, “நான் இல்லேன்னா அவ என்ன ஆவா” என்ற பேச்சு ஆகியவை பாரம் மிகுந்துவிட்டதன் அடையாளங்கள். அப்போது சில வாரங்கள் விலகியிருப்பதில் தவறில்லை என்பதைப் பெரியவர் வாயால் பிள்ளை கேட்க வேண்டும்.

நோயாளி உள்ள வீட்டுப் பிள்ளைகள்

இவ்விதழைப் படிக்கும் உங்களுள் பலர் டயாலிசிஸுக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ வந்து செல்பவர்கள். அல்லது அவர்களைப் பேணுபவர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளியில் தன் தோழியிடம் சொல்லும் கவலை உங்களைப் பற்றியதாக இருக்கக்கூடும். “அம்மாவுக்கு என்ன ஆகும்?” என்பதை உங்களிடம் கேட்க அதற்குத் துணிவு வருவதில்லை. கேட்டால் நீங்கள் வருந்துவீர்கள் என்று அஞ்சுகிறது.

ஆகவே நீங்களே தொடங்குங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். வயதுக்கேற்ற எளிய சொற்களில், என்ன சிகிச்சை நடக்கிறது, மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் யார் வீட்டில் இருப்பார், யார் பள்ளிக்கு அழைத்துச் செல்வார் என்று சொல்லுங்கள். இந்நோய் அதன் குற்றத்தால் வந்ததன்று என்பதையும் சொல்லுங்கள். தாம் சண்டையிட்டதால்தான் தாய்க்கு நோய் வந்தது என்று நம்பும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறோம். எல்லாம் சரியாகிவிடும் என்ற பொய் உறுதி வேண்டாம். “எது நடந்தாலும் உன்கிட்ட மறைக்க மாட்டோம்” என்ற உறுதியே போதும்.

நாள்தோறும் மாலையில் பதினைந்து நிமிடத்தைக் “கவலை நேரம்” என ஒதுக்கலாம். அன்றைய கவலைகளைப் பிள்ளை அப்போது சொல்லட்டும், அல்லது எழுதட்டும். நம்மால் ஏதேனும் செய்யக்கூடியவை ஒரு பக்கம், செய்ய இயலாதவை மறுபக்கம் என இரண்டாகப் பிரியுங்கள். முதற்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து, நாளை செய்ய வேண்டிய ஒரு சிறு செயலை முடிவு செய்யுங்கள். நேரம் முடிந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்லுங்கள். படுக்கும் நேரத்துக்கு அண்மையில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது, யாரை அணுகுவது?

கவலையால் பள்ளி செல்வதோ உண்பதோ உறங்குவதோ இரண்டு வாரங்களுக்கு மேல் தடைபட்டால் குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ காண வேண்டும். சாவு பற்றிய பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தொலைபேசியில் 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கு எதிரான கொடுமை என்றால் 1098 என்ற சிறார் உதவி எண்ணைப் பிள்ளையே அழைக்கலாம். உடனடி ஆபத்துக்கு 112. இம்மூன்று எண்களையும் பள்ளிப் பையில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று?

எங்கள் கேள்விக்கு அவள் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பின்னர் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். தாய் படித்துவிட்டு அவளைத் திட்டவில்லை. “இதை ஏன்டி தனியா வெச்சிருந்தே” என்று மட்டும் கேட்டு அணைத்துக்கொண்டார். அன்றே பள்ளித் தலைமையாசிரியரிடம் சீட்டு போய்ச் சேர்ந்தது. அவர் கையெழுத்தை ஒப்பிட்டு ஆளைத் தேடும் வேலையில் இறங்கவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்து, இப்படி ஒரு சீட்டு தமக்குக் கிடைத்ததாகவும், எழுதியவர் மேல் யாருக்கும் கோபமில்லை என்றும், தாம் எந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பார் என்றும் சொன்னார். ஆலோசகர் ஒருவரும் ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியே சில நிமிடங்கள் பேசினார். எழுதிய பிள்ளை அன்று மாலையே தானாக வந்து கதவருகே நின்றது. இப்போது சிகிச்சையில் இருக்கிறது.

பெட்டி இன்னும் அப்பள்ளியில் உண்டு. அதற்குப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. சாவி ஆசிரியரிடம் இருக்கிறது. பெட்டிக்கு ஆண்டுதோறும் புதிய வண்ணத்தாள் ஒட்டுவது சிறுமியின் பொறுப்பு. அவளுக்கு வயிற்றுவலி குறைந்துவிட்டது.

இன்று மாலை உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “உன் கூட்டாளிங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?” பதில் வர நேரமாகலாம். அதுவரை பக்கத்திலேயே இருங்கள்.